உதவி வந்துகொண்டிருக்கிறது

ரீனோ,
பிப்ரவரி 12

அன்புள்ள லியோன் அண்ணனுக்கு,

மாயி எழுதுவது. உடம்பு பரவாயில்லை, மணிக்கட்டு வலி மட்டும் இந்தப் பனிக்கு விடமாட்டேன் என்கிறது. நீயும் லின் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடது காது எப்படி? ஃபோனில் நலம் விசாரித்தால், "என்னது? யாரு செத்தா?" என்கிறாய். அதனால்தான் தபால்.

நீ சொல்லி வாங்கிக்கொடுத்த வேலையில் சேர்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் கேசினோ மேஜை முன்னால் நின்றபடி சீட்டுப் போட்டவளுக்கு, கடைசியில் உட்கார ஒரு நாற்காலி! நெடுஞ்சாலை ஓரமாகக் கம்பெனிக்கு இருக்கிற ஏழு சின்ன கேசினோக்களும் என் முன்னால் திரையில் கிடக்கின்றன. ஒவ்வொரு சூதாட்ட மெஷினும் ஒரு கட்டம். ஆள் ஆடினால் பச்சை, சும்மா இருந்தால் சாம்பல், கோளாறு என்றாலோ மெஷின் கதவு திறந்தாலோ சிவப்பு. பிட்டர் வெல்ஸில் நீ மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் 'சேஜ் ஹென்' கேசினோ வலது ஓரம். உன்னைப் பார்க்க முடியாது, கேமரா வேறு பிரிவு. நீ மெஷினைத் திறக்கும்முன் உன் அட்டையைச் செருகுவாயே, அப்போது மட்டும் கட்டத்தின் மூலையில் உன் பெயர் விழும். முதல்முறை பார்த்ததும், "எங்கண்ணன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி பயந்துபோனாள்.

இங்கிருந்தபடியே மெஷினைப் பூட்டலாம், அணைத்துப் போடலாம், உள்ளே ஓடும் ஆட்டத்தையே மாற்றலாம். ஆடுகிறவருக்குத் திரையில் செய்தியும் அனுப்பலாம், ஆனால் வாசகம் அவர்கள் எழுதி வைத்ததுதான். 'உதவி வந்துகொண்டிருக்கிறது' என்பதைத்தான் அதிகம் அனுப்புகிறோம். முதல் ஆறு மாதம் தகுதி பார்ப்பார்களாம். கென்ட்ரா என்று ஒரு சூப்பர்வைசர் சிரித்த முகமாகவே எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணிக்கு என் அன்பு.

உட்கார்ந்தே களைத்துப்போகிற உன் தங்கை,
மாயி

---

பிட்டர் வெல்ஸ்,
பிப்ரவரி 23

அன்புத் தங்கை மாயிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். லின்னுக்கு மூச்சுத்திணறல். புது மருந்து விலையைக் கேட்டால் நமக்கும் மூச்சுத் திணறும். என் வேலையோடு வருகிற இன்சூரன்ஸ் இருக்கிறதோ, பிழைத்தோமோ!

அது இருக்கட்டும். திங்கட்கிழமை மதியம் இருபத்திரண்டாம் மெஷினில் ஆட்டத்தை மாற்றினாயே, மகராசி, இங்கே என்ன கூத்து நடந்தது தெரியுமா? ஆர்வல் கிழவர், சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தினம் அதில்தான் ஆடுவார். இது என் இடம் என்று நாற்காலியை மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு ஆட்டுக்கறி ஸ்டூ சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் திரையில் சுற்றுகிற அவருடைய பழைய ஏழாம் எண் படங்களைக் காணோம்.

"லியோன்! எவன்டா என் மெஷின்ல பாம்பைக் கொண்டாந்து விட்டது?"

"பாம்பு இல்லங்க, டிராகன்."

"ரெண்டும் ஊர்ற ஜாதிதான். நாக்காலிய சாச்சு வெச்சிட்டுத்தானே போனேன்? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

உன் பெயரை எடுக்கவில்லை. நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கிழவர் என்னோடு பேசவில்லை. சாம்பல் நிறத்தில் கிடந்தால் காலி என்று அர்த்தம் இல்லையம்மா. கொஞ்சம் பார்த்து நடந்துகொள்.

வெந்நீரில் மணிக்கட்டை வைத்துப் பார்.

உன் அண்ணன்,
லியோன்

---

ரீனோ,
மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? எனக்குக் கழுத்துவலி புதிதாக வந்திருக்கிறது. நின்றால் கால், உட்கார்ந்தால் கழுத்து. இந்த உடம்பை எதில் திருப்திப்படுத்துவது?

ஆர்வலிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள். சாய்த்த நாற்காலியைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? அதைத் தொட்டவர்களை எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்! ஆனால் என் திரையில் நாற்காலியே கிடையாது அண்ணா. ஏழுகளைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தோஷ செய்தி. கோளாறு விளக்கு எரிந்தால் அழைப்பு உனக்கும் எனக்கும் சேர்ந்தே வரும், யார் முடித்து வைக்கிறார்களோ அவர்கள் பெயர் ஏறும் அல்லவா? கொஞ்ச நாளாகப் பிட்டர் வெல்ஸில் பாதிக்கு மேல் என் பெயர்தான்! அணைத்துப் போட்டுத் திரும்பப் போடுகிறேன், ஒருமுறை சிவந்துவிட்டு சரியாகிவிடுகிறது. சிக்கிக்கொண்ட பணநோட்டுகூட வெளியே வந்துவிடுகிறது. "உங்க கை ராசியான கை மாயி" என்று கென்ட்ரா நாலு பேர் முன்னால் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கைராசிக்காரி,
மாயி

---

பிட்டர் வெல்ஸ்,
மார்ச் 25

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் லின்னுக்கு இருமல் வந்துவிட்டது.

அடி பைத்தியமே! சிக்கின நோட்டு ரீனோவில் பட்டனைத் தட்டினால் வெளியே வருமா? நான் கதவைத் திறந்து இடுக்கியால் இழுத்துப் போடுகிறேன். நீ பார்க்கும் சிவப்பு அதுதான். என் அட்டையைச் செருகுவதில்லை. வேலையை முடித்துக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை மட்டும் எரியவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நீ அணைப்பாய், உன் பெயர் ஏறும். உன்னைத் தகுதி பார்த்து முடிக்கும்வரை இப்படியே ஓடட்டும். எனக்கு எதற்கு இனிமேல் பெயர்? முப்பத்தோரு வருஷமாக இங்கே சுவருக்குக்கூட என்னைத் தெரியும்.

"தங்கச்சிக்குன்னா மட்டும் உங்க முதுகுவலி எங்க போய் ஒளிஞ்சுக்குது?" என்கிறாள் லின். யாரிடமும் மூச்சு விடாதே.

உன் கைராசிக்குச் சொந்தக்காரன்,
லியோன்

---

ரீனோ,
ஏப்ரல் 5
(தபாலில் போடாதது)

அண்ணா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. நீ செய்வதை இன்றைக்கே நிறுத்து.

காலையில் கென்ட்ரா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "பிட்டர் வெல்ஸ்தான் நம்ம சோதனை ஊரு. கோடை முடியிற வரைக்கும் இங்கிருந்தே இவ்வளவு அழைப்பை முடிக்க முடியும்னா, அங்க தளத்துல ஒரு ஆளு எதுக்கு? கவுன்டர்ல கேஷியர் போதும். ரிப்பேருக்கு வாரம் ஒருத்தர் ஏழு ஊருக்கும் சுத்தி வருவாரு." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதுல பெரிய பங்கு மாயியோடது."

அங்கே தளத்தில் இருக்கிற ஒரே ஆள் நீ. உன்னை அனுப்புவதற்கான கணக்கை நீயே எனக்கு வாரி வாரிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

வெளியே சொன்னால் வேலை போகும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்டேன். அந்த இடத்திலேயே எழுந்து, "அந்த அழைப்பெல்லாம் நான் முடிக்கல, எங்கண்ணன் முடிச்சது" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயது, சீட்டுப் போட மணிக்கட்டு இல்லை, இதையும் விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

இதை உனக்கு எப்படி அனுப்புவது? நீ படித்த கையோடு டெல்லிடம் போய்ச் சண்டை போடுவாய். டெல் உங்கள் மேனேஜராக இருந்தாலும், அடுத்த நிமிஷமே கென்ட்ராவுக்கு ஃபோன் போடுவான்.

---

ரீனோ,
ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். அண்ணி மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா?

ஒரே ஒரு வேண்டுகோள். இனி மெஷினைத் திறக்கும்போதெல்லாம் விதிப்படி உன் அட்டையைச் செருகு. அழைப்பை நீயே முடி. உன் வேலை உன் பெயரில் இருக்கட்டும். காரணம் கேட்காதே.

மாயி

---

பிட்டர் வெல்ஸ்,
ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே காற்று அடிக்கிற அடியில் கண்ணெல்லாம் மண். மற்றபடி குறைவில்லை.

காரணம் கேட்காதே என்றாய். கேட்கவே வேண்டாம், தெரியாதா எனக்கு? ரோஷம்! சைக்கிள் பழகும்போதும் இப்படித்தான். "விடு அண்ணா, விடு, நானே ஓட்டுறேன்" என்று ஊரைக் கூட்டுவாய். சரி விட்டுட்டேன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் பிடித்தபடி ஓடி வருவேன். நீ ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் நீ பெரிய அதிகாரி மாதிரி விதியெல்லாம் பேசாமல், வாயை மூடிக்கொண்டு விளக்கை அணை. ஆகஸ்டில் உன் வேலை உறுதியாகட்டும், அப்புறம் அட்டையைச் செருகுகிறேன், மாலைபோல் கழுத்திலேயே மாட்டிக்கொள்கிறேன்.

ஆர்வல் உன்னை மன்னித்துவிட்டார். "ரீனோக்காரி பொழச்சுப் போகட்டும்" என்றார்.

உன் அண்ணன்,
லியோன்

---

பிட்டர் வெல்ஸ்,
ஜூன் 2

அன்புத் தங்கை மாயிக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா?

இன்னொரு விஷயம். நான் சரிசெய்துவிட்டு எரியவிடுகிற விளக்குகளை நீ அணைப்பதில்லை. எரிந்துகொண்டே இருக்கின்றன. நானே முடித்தால் உன் கணக்கில் ஒன்று குறையுமே என்று நானும் காத்துக்கொண்டு நிற்கிறேன். டெல் வந்து, "என்ன லியோன், திருவிழா மாதிரி விளக்கு எரியுது? மேலேருந்து கேக்கறாங்கப்பா" என்கிறான். வாடிக்கையாளர்களும் முறைக்கிறார்கள். நீ தூங்கிவிட்டாயா, இல்லை என்மேல் ஏதாவது கோபமா? கோபம் என்றால் நேராகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலையில் நம் பாஸ்க் இனத்தார் சங்கத்து விருந்து. இந்த வருஷம் ஆடு சுடுகிற பொறுப்பு என்னுடையது. நீ வந்தே ஆகவேண்டும். லின் உனக்குக் கட்டிலைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்,
லியோன்

---

ரீனோ,
ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. வேலை அதிகம்.

விளக்கு விஷயமாகக் கென்ட்ராவும் கேட்டுவிட்டாள். இனி அணைத்துவிடுகிறேன். விருந்து நாளில் எனக்கு ஷிஃப்ட், வர முடியாது. அண்ணியிடம் எப்படியாவது சொல்லிச் சமாளி.

அண்ணா, அந்த ஊரில் வேறு எங்காவது வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன். ஒரே இடத்தில் எத்தனை வருஷம்!

மாயி

---

பிட்டர் வெல்ஸ்,
ஆகஸ்ட் 24

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை உறுதியாகிவிட்டதாமே, டெல் சொல்லித்தான் தெரிந்தது. சந்தோஷம்.

அதே வாயால்தான் எனக்கும் சொன்னான். நேற்று அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். முப்பத்தோரு வருஷத்தில் அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"செப்டம்பரோட உன் வேலை முடியுது லியோன். இங்க வர்ற அழைப்புல முக்கால்வாசி ரீனோவிலேயே முடிஞ்சிடுதாம். எனக்கே ஆச்சரியமா இருக்கு. நீ என்ன பண்ணிட்டிருந்த இத்தனை நாளா?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தேனா! சிரிப்பு வந்துவிட்டது மாயி. அவனுக்கு நான் பைத்தியமாகிவிட்டேன் என்று தோன்றியிருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னேன். லின் சிரிக்கவில்லை. "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் கண்ணால பாக்கறேன்" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அறுபதை நெருங்குகிற ஒரு காது செவிடனை இந்த ஊரில் யார் சேர்ப்பார்கள்? இன்சூரன்ஸ் போனால் லின்னின் மருந்துக்கு என்ன வழி? அதனால் உன்னிடம் கேட்கிறேன், இதுவரை எதுவும் கேட்டதில்லை. உன் வேலை இப்போது உறுதி. நீ கென்ட்ராவிடம் போய் உள்ளதைச் சொல். அந்த அழைப்புகளை முடித்தது யார் என்று சொல். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சம் தானாகச் சரியாகும்.

சீக்கிரம் எழுது.

லியோன்

---

ரீனோ,
செப்டம்பர் 9

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கென்ட்ரா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கோபப்படவே இல்லை.

"மெஷின் கதவு திறந்த பதிவெல்லாம் என்கிட்டயும் இருக்கு மாயி. அட்டை இல்லாம யாரோ திறந்திருக்காங்க. யாருன்னு நான் கேக்கல. மேல இருக்கிறவங்களும் கேக்கல."

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"எண்ணிக்கை நல்லா வந்துச்சு. நல்லா வர்றதை யாரு நோண்டுவா?" பிறகு என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினாள். "எழுதிக் குடுங்க, வேணாங்கல. ஆனா யோசிச்சுக்குங்க. இப்ப அவருக்கு ஆள்குறைப்பு. வருஷக் கடைசி வரைக்கும் இன்சூரன்ஸ் ஓடும், நல்ல பேரோட போவாரு. நீங்க எழுதினீங்கன்னா, அவரு அட்டை இல்லாம மெஷினைத் திறந்த ஆளு. அதுக்கு ஒரே தண்டனைதான். ஒண்ணும் கிடைக்காது. வேற எந்த கேசினோவும் உள்ள விடாது. பாவம், நல்ல மனுஷன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் எழுதிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சோதனை விஷயம் எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், தபாலில் போடவில்லை. அட்டையைச் செருகு என்று மட்டும் எழுதினேன், புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீ புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நாள் விளக்கை அணைக்காமல் பார்த்தேன். கென்ட்ரா கேட்டதும் அதற்கும் தைரியம் போய்விட்டது. விருந்துக்கு வராததற்கு ஷிஃப்ட் காரணம் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாது.

என்னைத் திட்டு. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

மாயி

---

பிட்டர் வெல்ஸ்,
நவம்பர் 16

மாயிக்கு,

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. லின்னுக்கு மூச்சு சுமார். அங்கே உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்து ரொம்ப நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபம் இருக்கிறது, இல்லை என்றால் பொய். வேலை போனதுகூட இல்லை. ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன்தான், டெல் சட்டையைப் பிடித்திருப்பேன்தான், ஆனால் உன் வேலைக்கு ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்க மாட்டேனா? அந்த அளவுக்குக்கூட என்னை நம்பவில்லையே. அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

மோட்டலில் துணி வெளுக்கிற மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது, பாதி நாளைக்கு. இன்சூரன்ஸ் கிடையாது. ஜனவரியிலிருந்து லின்னின் மருந்துக்கு அரசாங்கத்தில் எழுதிப்போட்டிருக்கிறோம். பார்க்கலாம்.

நேற்று லின்னின் பிறந்தநாள். பூண்டு சூப் குடிக்கவேண்டும் என்றாள். இந்த ஊரில் அதற்கு சேஜ் ஹென் சாப்பாட்டுக் கவுன்டரை விட்டால் ஏது? கால் கூசிக்கொண்டுதான் போனேன். சாப்பிட்டு வெளியே வரும்போது பதினாலாம் மெஷினில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார், நம் லின் வயது இருக்கும். நோட்டைப் போட்டிருக்கிறார், பாதியில் சிக்கிக்கொண்டது. கேஷியர் பெண்ணிடம் சாவி இல்லை. திரையில் உன் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உதவி வந்துகொண்டிருக்கிறதாம்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "ஏங்க, நீங்கதானே இங்க பாத்துக்கிறவரு? கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

"இல்லம்மா. இப்ப என் தங்கச்சிதான் பாத்துக்கிறா."

"எங்க இருக்கா அவ?"

"வந்துக்கிட்டு இருக்கா."

லின் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அந்த அம்மா வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் சிரிப்பாய், நானும் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. செய்தியும் போய்விட்டது. அழைப்பு முடிந்தது என்று உன் பெயர் ஏறியிருக்கும். பழக்கத்தில் தட்டியிருப்பாய், இந்நேரம் நோட்டை எடுத்திருப்பார்கள் என்று.

யாரும் எடுக்கவில்லை மாயி. அந்த அம்மாவின் நோட்டு உள்ளேயே இருக்கிறது. வந்து எடுத்துக் கொடு.

அண்ணன்,
லியோன்